நிகிலின் நோ-ஹிட்டர்

பேராசிரியர் ஜெயசங்கருக்குச் சந்தேகம் என்பது வியாதி அல்ல, பொழுதுபோக்கு. கடையில் பால் வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் தேதியைப் பார்ப்பார். இன்றைக்கு என்ன தேதி என்று கல்லாவில் நிற்கும் பெண்ணைக் கேட்பார். அவள் சொன்னது சரிதானா என்று கைபேசியில் பார்ப்பார். மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருஷம் சிவில் என்ஜினியரிங் சொல்லிக்கொடுத்தவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்த முப்பத்தோரு வருஷத்தில் பரீட்சையில் காப்பியடித்ததாகப் பதினொரு பேரைப் பிடித்தார். அதில் நாலு பேர் நிஜமாகவே அடித்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய் ஒரு சரித்திரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்து பேஸ்பால் அணிக்கு ஐம்பது வயதாகிறது, அதற்கு ஒரு புத்தகம் போடுகிறோம், ஓய்வுபெற்றவர்கள் யாராவது எழுதித் தர முடியுமா என்று மின்னஞ்சல் வந்தது. ஜெயசங்கர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார். அவர் மனைவி சியாமளாவுக்கு வாய் மூடவில்லை.

"உங்களுக்கும் பேஸ்பாலுக்கும் என்னங்க சம்பந்தம்? நிகில் நாலு வருஷம் ஆடினான். ஒரு மேட்சாவது போய்ப் பார்த்தீங்களா?"

"பார்க்காதவன்தான் பாரபட்சம் இல்லாம எழுதுவான்," என்றார் ஜெயசங்கர்.

அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மகன் நிகில், புரோசார்ட் புறநகரில் இருந்த வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். இருபது வயது அப்போது. அணியின் பந்து வீச்சாளன். "அப்பா! நேத்து செமிஃபைனல்ல நான் போட்டது நோ-ஹிட்டர்!" என்றான். நோ-ஹிட்டர் என்றால், ஆட்டம் முழுக்க எதிரணியில் ஒருவனுக்குக்கூட ஒழுங்கான அடி கிடைக்கவிடாமல் பந்து வீசுவது. அந்த அணியின் சரித்திரத்தில் அதற்கு முன்பும் யாரும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை. ஜெயசங்கர், "அப்படியா, பார்ப்போம்," என்றார். செவ்வாய்க்கிழமை மாணவர் பத்திரிகை வந்தது. அதில் நிகில் அருமையாக வீசினான், எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட்தான் கிடைத்தது என்று போட்டிருந்தது. ஒரே ஒரு ஹிட். ஜெயசங்கர் அந்தப் பத்திரிகையை மடித்து, மகன் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பத்திரிகைக்காரன் பொய் சொல்றானா, நீ பொய் சொல்றியா?"

நிகில் என்னவோ விளக்க வந்தான். ஸ்கோர் மாறியது, சிநேகிதன் நித்துசனின் அப்பா மாற்றினார் என்று ஆரம்பித்தான். "ஓஹோ, மாத்த வேற செஞ்சீங்களா?" என்றார் தகப்பனார். பையன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேஸ்பால் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. படிப்பு முடிந்ததும் கால்கரிக்குப் போனான், அங்கேயே இருந்துவிட்டான். ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வான். அப்பாவிடம் பேசுவது "எப்படி இருக்கீங்க", "நல்லா இருக்கேன்", இரண்டே வாக்கியம். பதினேழு வருஷமாக அதே இரண்டு வாக்கியம்.

இப்போது புரிகிறதா, ஏன் கை தூக்கினார் என்று? மகன் அன்றைக்குப் பொய் சொன்னானா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நேராக மகனிடம் கேட்டுவிட்டுப் போகலாம்தான். கேட்டால் நம்ப வேண்டுமே, அதுதான் அவருக்கு வராது. ஆவணம் வேண்டும்.

விளையாட்டுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு அறையை ஒதுக்கி, பதினாலு அட்டைப் பெட்டிகளைக் காட்டினார்கள். ஜெயசங்கர் செப்டம்பர் முழுக்க அங்கேயே கிடந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அனுபவித்தார். முதல் வருஷம் ஹாக்கி அணியிடம் சட்டை இரவல் வாங்கி ஆடியிருக்கிறார்கள். சட்டைக் கை விரலுக்குக் கீழே தொங்க, ஒன்பது பேரும் கல்யாண வீட்டு ஷாமியானாவுக்குள் நிற்பதுபோல ஒரு புகைப்படம். ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோல்வி. எண்பத்திரண்டில் ஒரு மகத்தான வெற்றி என்று எல்லா மலரிலும் போட்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், எதிரணியின் பஸ் வழியில் படுத்துவிட்டது, அவர்கள் வரவேயில்லை. ஜெயசங்கர் அதை ரசித்து ரசித்து எழுதினார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து ஸ்கோர் புத்தகத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அக்டோபர் இரண்டாம் வாரம் அதைத் திறந்தார். திறந்தவருக்குப் புருவம் ஏறியது.

அரையிறுதி ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். பந்து, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே தடுக்க நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போயிருக்கிறது, அடித்தவன் ஓடிச் சேர்ந்திருக்கிறான். கட்டத்துக்குள் 'எரர்' என்று குறி. அதாவது நல்ல அடி இல்லை, ஷார்ட்ஸ்டாப் கைநழுவ விட்டான், பிழை அவனுடையது. பிழை என்றால் ஹிட் இல்லை. ஹிட் இல்லை என்றால் நோ-ஹிட்டர். ஆக, நிகில் சொன்னது சரி.

சரியா? அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் அவர் ஜெயசங்கர் இல்லையே. அந்தப் புத்தகத்தில் மற்ற எல்லாப் பக்கமும் பென்சில். தேய்ந்த கோடு, அழித்த தடம், மழைத்துளி பட்ட கறை. இந்த ஒரு பக்கம் மட்டும் நீலப் பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக. ஆட்டம் நடக்கும்போது குளிரில் உட்கார்ந்து எழுதிய எழுத்தா இது? சாவகாசமாக மேஜையில் உட்கார்ந்து எழுதியது. போதாக்குறைக்குப் பக்கத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. ஓரத்தில் மங்கிய குங்குமக் கறை.

"செய்றது திருட்டு, அதுக்குப் பிள்ளையார் துணை வேற," என்று ஜெயசங்கர் வாய்விட்டே சொன்னார்.

எழுதியது யார் என்பதில் மர்மம் இல்லை. குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷம் சம்பளம் இல்லாமல் இந்த அணிக்கு ஸ்கோர் எழுதியவர். ஊரில் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு எழுதிய கை, இங்கே வந்து இந்த ஆட்டத்தையும் பழகிக்கொண்டது. பேஸ்பாலில் ஒரு அடி ஹிட்டா எரரா என்று தீர்ப்புச் சொல்வது நடுவர் இல்லை, ஸ்கோரர்தான். அந்த நாற்காலியில் குணரத்தினம். அவருடைய மகன் நித்துசன் நிகிலின் உயிர்த் தோழன். நிகிலோ வாரத்தில் மூன்று நாள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் புட்டும் சம்பலும் சாப்பிட்டவன்.

இதோடு இன்னொன்றும் ஜெயசங்கருக்கு ஞாபகம் வந்தது. ஆட்டத்துக்கு மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, நிகில் காலை எட்டரை மணிக்கே எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனான். மதியம் திரும்பி வந்துதான் நோ-ஹிட்டர் என்றான். சனிக்கிழமை ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை! ஒரு மனுஷன் சரித்திரம் படைத்துவிட்டு ராத்திரி பேசாமல் தூங்கிவிட்டு மறுநாள் மதியம் வந்தா சொல்லுவான்? நடுவில் எங்கே போனான், என்ன பேசினான், யாருடைய காலைப் பிடித்தான்? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த வெற்றி அவர் பக்கம் வந்தது, ஆனால் இனிக்கவில்லை. தான் சொன்னது சரி என்றால், பெற்ற பிள்ளை ஏமாற்றுக்காரன். அப்படி ஒரு ஜெயம் யாருக்கு வேண்டும்?

புத்தகக் குழுவின் செயலாளர் அம்மாள் வேறு தினமும் எழுதிக்கொண்டிருந்தார். சாதனைப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நோ-ஹிட்டர் என்று போடவா, விடவா? புதன்கிழமை காலை ஜெயசங்கர் ஸ்கோர் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?" என்றாள் சியாமளா.

"விசாரணைக்கு."

"யாரை?"

"வந்து சொல்றேன்." அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் நிகிலுக்குப் போன் போட்டு உஷார்ப்படுத்திவிடுவாள் என்று ஒரு சந்தேகம்.

குணரத்தினம் இன்னும் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் அதே மூன்றாம் மாடியில்தான் இருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி ஜெகதீஸ்வரி.

"ஆர், நிகிலின்ர அப்பாவோ! வாங்கோ சேர், வாங்கோ. ஏன் வாசல்ல நிக்கிறியள்? இஞ்சாருங்கோ, ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோ!"

குணரத்தினம் உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், எழுபது இருக்கும். ஜெயசங்கர் நலம் விசாரிக்கவில்லை, தேத்தண்ணிக்கும் காத்திருக்கவில்லை. மேஜையில் புத்தகத்தை வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலால் தட்டினார்.

"மிஸ்டர் குணரத்தினம், இது உங்க கையெழுத்துதானே?"

"ஓம், என்ர எழுத்துத்தான்."

"இது ஆட்டத்தப்போ எழுதினதா?"

"இல்லை சேர். அடுத்த நாள் காலமை எழுதினனான்."

ஜெயசங்கர் இதை எதிர்பார்க்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்க வேண்டுமே, இந்த மனுஷனுக்கு ஒரு பயத்தையும் காணோம். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "அன்னைக்கு கிரவுண்ட்ல நீங்க சொன்னது ஹிட்டா, எரரா?"

"ஹிட் எண்டு சொன்னனான்."

"மறுநாள் மாத்தினீங்க."

"ஓம், மாத்தினனான்."

"என் பையன் அன்னைக்குக் காலைல இங்க வந்தானா?"

"வந்தவன் சேர். புட்டும் சாப்பிட்டவன்."

அவ்வளவுதான், குற்றப்பத்திரிகை முடிந்தது. ஜெயசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குணரத்தினம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து அறைக்குள் போய், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். பியர்ப் பெட்டியைக் கிழித்த அட்டை. உள்பக்கம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு ஆட்டம் எழுதியிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் தெளிவாக 'ஹிட்'.

"ஆட்டத்தில எழுதினது இதுதான்," என்றார். "கொப்பி அண்டைக்கு என்னட்ட இல்லை."

"ஸ்கோரர்கிட்ட ஸ்கோர் புத்தகம் இல்லையா? எங்க போச்சு?"

"சாமியறையில இருந்தது."

ஜெயசங்கர் விழித்தார்.

"சனிக்கிழமை சரஸ்வதி பூசை சேர். வெள்ளிக்கிழமை பின்னேரமே கும்பத்துக்கு முன்னால புத்தகங்கள் வைச்சாச்சு. பிள்ளையள் படிக்கிற புத்தகங்களை வைச்சினம். எனக்கு எழுத்து வேலையெண்டு இருந்தது இது ஒண்டுதானே? ஆஸ்பத்திரியில நிலம் துடைக்கிறதுக்கு என்னத்தை வைக்கிறது? அதால வருசா வருசம் இந்தக் கொப்பியையும் ஒரு பேனையையும் வைக்கிறனான். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்டுதான் இருந்தது. மழை வருமெண்டு சனிக்கிழமைக்கு இழுத்துப்போட்டாங்கள். எடுக்கலாமெண்டு போனா, இவ விடேல்லை."

"பின்னே?" என்றாள் ஜெகதீஸ்வரி, தேத்தண்ணியை வைத்தபடி. "பூசைக்கு வைச்ச புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னம் எடுக்கிறதோ? நல்ல கதை! நான் செத்தாலும் விடமாட்டன்."

"பேந்தென்ன, மூலையில இருக்கிற டெப்பனர் கடைக்குப் போய் ஒரு வெறும் பெட்டி கேட்டு வாங்கி, அதில எழுதினன். கோச்சிட்ட கொப்பி வீட்ட மறந்துபோச்செண்டு சொன்னன்."

பூஜையும் புனஸ்காரமும் சியாமளாவின் இலாகா. அந்த வாரம் தன் வீட்டிலும் சுண்டல் கிண்டியிருப்பார்கள் என்பதே ஜெயசங்கருக்கு இப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. "சரி. அட்டைல ஹிட். அதை அப்படியே காப்பி பண்ண வேண்டியதுதானே? ஏன் எரர் ஆச்சு? நிகில் கேட்டானா?"

குணரத்தினத்தின் முகம் முதல்முறையாக மாறியது.

"சேர், ஷார்ட்ஸ்டாப்பில நிண்டது ஆர் எண்டு தெரியுமோ?"

தெரியும். அணிப் பட்டியலை இரண்டு தடவை தட்டச்சு செய்தவர் அவர். ஆனால் மகனின் பெயரையே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு மற்றப் பெயர்கள் வெறும் பெயர்களாக இருந்தன. இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர மகன், நித்துசன்," என்றார் குணரத்தினம். "நேர கைக்கு வந்த பந்து. இவ நிண்டிருந்தாலும் பிடிச்சிருப்பா."

"என்னை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?"

"பிழை, சுத்தப் பிழை. ஆனா அண்டைக்கு மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்து இருந்தவர். நித்துசன் பந்தை விட்டுட்டு நிமிர்ந்து என்னைப் பாத்தான். ஒரு பார்வைதான். பத்திரிகைக்காரப் பெடியன் 'ஹிட்டா எரரா?' எண்டு கேட்டான். நான் ஹிட் எண்டன். என்ர பிள்ளையைக் காப்பாத்த உங்கட பிள்ளையின்ர பேரை அழிச்சன். இருபத்தெட்டு வருசத்தில நான் செய்த ஒரேயொரு களவு அதுதான் சேர்."

ஜெகதீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரவு நித்திரை இல்லை. விடிய விஜயதசமி. முழுகி, கும்பிட்டு, கொப்பியை எடுத்தன். வருசத்தின்ர முதல் எழுத்து, பூசையில வைச்ச பேனையால எழுத வேணும். பிள்ளையார் சுழி போட்டன். அட்டையைப் பாத்துப் பாத்து எழுதிக்கொண்டு வந்தன். ஆறாவது இன்னிங்ஸுக்கு வந்தோண்ண கை நிண்டிட்டுது. சரஸ்வதிக்கு முன்னால முதல் எழுத்தைப் பொய்யா எழுதச் சொல்லுறியளோ? எரர் எண்டு எழுதினன். தன்ர தீர்ப்பை ஸ்கோரர் ஒரு நாளுக்குள்ள மாத்தலாம், அது சட்டத்திலயே கிடக்கு. அண்டைக்கே போட்டி நடத்துற ஆக்களுக்கும் அறிவிச்சன். பத்திரிகைக்காரப் பெடியனுக்குத் திங்கக்கிழமை எடுத்துச் சொன்னன், அச்சுக்குப் போட்டுது எண்டான்."

"நிகில்..." என்றார் ஜெயசங்கர்.

ஜெகதீஸ்வரிதான் சொன்னாள். "நிகிலுக்கு ஒண்டும் தெரியாது சேர். இவர் விடிய ஆறு மணிக்கே எழுதி முடிச்சிட்டார். நித்துசன்தான் போன் பண்ணி, 'அப்பா மாத்தி எழுதிப்போட்டார், வந்து பாரடா' எண்டு கூப்பிட்டவன். இவரோட பேந்து ஒரு மாசம் அவன் கதைக்கேல்லை. மாகாண அணியும் கிடைக்கேல்லை. ஆனா சிநேகிதனுக்குத் தன்ர வாயாலயே சொன்னவன்."

ஜெயசங்கர் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "இதை ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லையே சேர்," என்றார் குணரத்தினம். "ஒரு ஆட்டத்துக்கும் உங்களைக் கண்டதில்லை. புத்தகத்தில எரர் எண்டே போடுங்கோ. நித்துசன்ர பேரையும் போடுங்கோ. அவன் ஒட்டாவாவில படிப்பிக்கிறான், புத்தகம் வரப்போகுது எண்டு கேள்விப்பட்டுப் போன கிழமைதான் அவனைக் கேட்டனான், ஓமெண்டிட்டான்."

வெளியே வந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. ஜெயசங்கர் மெட்ரோவுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே நின்று கைபேசியை எடுத்தார். கால்கரியில் இன்னும் காலைதான். புதன்கிழமை அப்பா கூப்பிடுகிறார் என்றால் பையன் பதறத்தானே செய்வான்.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்றான் நிகில்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லடா. நான் ஒரு விஷயம் சொல்லணும். அந்த செமிஃபைனல். அது நோ-ஹிட்டர்தான். நான் விசாரிச்சுட்டேன்."

"விசாரிச்சீங்களா?"

"ஆமாடா. ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தேன். அன்னைக்கு எழுதின அட்டையைப் பார்த்தேன். நேரா குணரத்தினம் வீட்டுக்கே போய்க் கேட்டேன், அந்தம்மாவையும் கேட்டேன். எல்லாம் ஒத்துப்போகுது." சொல்லும்போதே அவர் குரலில் ஒரு பெருமை. பரிசோதித்து முத்திரை குத்திய பெருமை. பையன் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தார், பாவம்.

"எதுக்குப்பா இப்ப திடீர்னு? புத்தகத்துக்கு வேணுமா?"

"புத்தகத்துக்கும்தான். உனக்கு ஒரு முழுப் பக்கம் போடப்போறேன்டா."

"வேற ஏதாவது இருக்கா? அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

ஜெயசங்கருக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பதில் வந்த பிறகும் இன்னொரு கேள்வி கேட்கும் குரல். அது அவருடைய சொந்தக் குரல். மகன் தன்னை நம்பவில்லை. தான் சொல்வதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று துழாவுகிறான்.

"ஒண்ணும் இல்லடா. என் தப்பு. உன்னைப் பொய்யன்னு சொல்லிட்டேன். ரொம்பத் தப்பு," என்றார்.

நிகில் நிதானமாகத்தான் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"புத்தகத்துல என்ன வேணும்னாலும் போடுங்கப்பா. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நித்து கத்தினான், கோச்சுக்குப் போன் பண்ணுடான்னான். நான் பண்ணல. மெட்ரோ, பஸ்ஸுனு மாறி மாறி ஏறி நேரா வீட்டுக்கு ஓடிவந்தேன். உலகத்துல முதல்ல உங்ககிட்டதான்ப்பா சொன்னேன்."

"ஆமாண்டா," என்றார் ஜெயசங்கர். "என்கிட்டதான் சொன்ன."

மகன் சொன்ன ஒன்றை ஆதாரம் கேட்காமல் அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.